வேண்டாம் விழுந்த இடம்

சங்க அலுவலகத்தின் இருபத்தேழு அங்குலத் திரையில் என் வரி ஒரு சுவரில் தொடங்கி மறு சுவர் வரை போகும்,
பண்ணைத் தாம்போதியில் உச்சி வெயிலில் சைக்கிள் மிதிக்கிறவனைப்போல.
போய்ச் சேர்ந்துவிடலாம்.
திரும்பி வருவதுதான் பாடு.
திரும்பும் கண்
விட்ட இடத்தைத் தேடும்;
சிலவேளை வாசித்த வரியிலேயே மறுபடி ஏறும்,
சிலவேளை ஒன்றைத் தாண்டி இறங்கி
ஒன்றும் நடவாததுபோல் நடக்கும்.

செயலாளர் கிளமென்ற் வாசிக்கையில் விரலைத் திரையில் வைத்து இழுப்பார்.
விரல் போன தடம் எண்ணெய்க் கோடாய்க் கிடக்கும்.
"வடிவாத்தான் இருக்குப் பிள்ளை, அகலமா, கடல் மாதிரி."
காசையும் அன்றே எண்ணித் தந்தார்.

ஆனி மாதம். மூன்று நாள் மூர்க்கமாய் அடித்த சோளகம்
நாலாம் நாள் விடிய மூச்செடுத்தது.
திணைக்களம் சொன்னதை நான் தட்டினேன்:
"காற்றின் வேகம் குறைந்திருப்பினும் மீனவர்கள் இன்று கடலுக்குச் செல்ல வேண்டாம்."
ஒரே வரி. ஒரு பிழை இல்லை.
பதிவேற்றிவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனேன்.

குருநகர் றெக்ஸனின் கைப்பேசி
நாலு விரல் அகலம்,
மூலையில் கீறல்.
தகப்பனும் பார்க்கட்டும் என்று
எழுத்தைப் பெருப்பித்து வைத்திருக்கிறான்.
என் வரி அதற்குள்
இப்படி இறங்கியது:

காற்றின் வேகம்
குறைந்திருப்பினும்
மீனவர்கள்
இன்று
கடலுக்குச்
செல்ல

அதோடு திரை முடிந்தது.

பதினொரு மணிக்கு வந்தான்.
காற்சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டி
அலுவலகச் சீமெந்தில் ஒரு வட்டம் போட்டது.
மண்டைதீவுப் பக்கம் படகு புரளப் பார்த்ததாம்,
எஞ்சினுக்குள் உப்புத் தண்ணி,
வலை போனது போனதுதான்.
கைப்பேசியை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.
"இஞ்ச பாருங்கோ. வேகம் குறைஞ்சிருக்கு. கடலுக்குச் செல்ல.
நீங்கள்தானே எழுதினது?"

நான் பெருவிரலால் மெல்ல மேலே தள்ளினேன்.
கீழிருந்து
தண்ணீருக்குள் மூழ்கியவனின் தலைபோல
தனியாய் எழுந்தது

வேண்டாம்.

கனநேரம் அதையே பார்த்தான்.
"ஒரு சொல்லை
இவ்வளவு பின்னுக்கோ ஒளிச்சு வைக்கிறது?"

ஒளித்தது நானல்ல என்று சொல்லியிருக்கலாம்.
எங்கள் மொழி ஆம் இல்லை எல்லாவற்றையும்
வாக்கியத்தின் கடைசிப் படியில் வைக்கும்,
இறங்கி வருகிறவனுக்கே தரும்.
ஈரக் காற்சட்டையோடு நிற்கிறவனிடம்
இலக்கணம் பேசமுடியுமா.

அன்றிரவு வரிகளை அளந்தேன்.
ஒரு வரிக்கு அறுபது எழுத்து, எழுபது எழுத்து
என்று கணக்குச் சொல்கிறார்கள்;
அது யாரோ எண்ணிய யாருடையவோ எழுத்து.
கொம்பும் காலும் விசிறியுமாய்
'குறைந்திருப்பினும்' ஒன்றே
றெக்ஸனின் திரையை முட்ட நிறைத்துவிடுகிறது.
எண்ணுவதை விட்டேன்.
வாய்விட்டு வாசித்தேன்,
மூச்சு நிற்கும் இடத்தில் வெட்டினேன்.
அகலத் திரையிலும் அதற்குமேல் ஓடவிடவில்லை.
பிறகு கடைசிச் சொல்லைத் தூக்கி
முதல் படியில் வைத்தேன்.

வேண்டாம்.
இன்று கடலுக்கு
வேண்டாம்.
காற்று
அடங்கியதுபோல் இருக்கும்.
நம்பாதீர்.

மறுநாள் கிளமென்ற் திரையில் விரலை வைத்தார்.
இழுக்கத் தொடங்கியதுமே வரி முடிந்துவிட்டது.
விரல் சும்மா நின்றது.
"என்ன பிள்ளை இது,
இரண்டு பக்கமும் இவ்வளவு இடம் வெறுமையா?"

"அது கரை," என்றேன்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
திரும்பப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
"அப்ப கரைக்கும் சேத்தோ
நான் காசு தந்தது?"